கையெழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி

டத்தோ கிராமாட், பினாங்கு
9 ஆகஸ்ட், சனிக்கிழமை

அன்புள்ள கோகுலன் அண்ணனுக்கு,

உங்கள் தங்கை லோகேஸ்வரி எழுதுவது. இங்கே அம்மா, நான், என் மகள் மூவரும் சுகமாக இருக்கிறோம். ஆக்லாந்தில் இப்போது குளிர்காலம் என்று அம்மா தினமும் கவலைப்படுகிறார். அண்ணியும் பிள்ளைகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய கம்பளிப் போர்வையை அம்மா இந்த வெயிலிலும் மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது எந்தக் குழுவில் போய் விழும் என்று சொல்ல முடியாது. போனில் பேசலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவர் காதில் விழக் கூடாத சில விஷயங்கள் இதில் இருக்கின்றன. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நம் சட்டமன்ற உறுப்பினர் ஒய்.பி. அங்கே வருவதற்குள் உங்கள் கைக்கு வந்துவிடும் என்று நம்புகிறேன்.

அவர் இருபத்தைந்தாம் தேதி புறப்படுகிறார். முதியோருக்கும் உடல் முடியாதவர்களுக்கும் ஏற்ற குடியிருப்புகளை உங்கள் ஊரில் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவர ஆய்வுப் பயணமாம். கூட நான்கு பேர். இரண்டு இரவு உங்கள் வீட்டில்தான் தங்கல் என்று அவரே சொன்னார். கோகுல் வீட்டில் மீன்குழம்பு கிடைக்கும் என்று வயிற்றைத் தடவிக்கொண்டார். அதைப் பார்த்தபோது எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் அது நியாயம் இல்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த பெரிய சாக்கடையை ஒருவழியாகத் தூர்வாரினார்கள். விளையாட்டுத் திடலுக்கு விளக்குப் போட்டார்கள். தொகுதியில் யார் வீட்டுப் பிள்ளை பள்ளியில் எந்தப் படிவம் படிக்கிறது என்று அவருக்கு இன்றும் மனப்பாடம். ஆனால் அந்தச் சாக்கடையில் இறங்கிப் படம் பிடிக்க அவர் போட்டுக்கொண்ட ரப்பர் பூட்சிலிருந்து விலைச் சீட்டைக் கத்தரித்தவள் நான். படம் எடுத்த மறு நிமிடம் பூட்சைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்துவிட்டார். 'நன்றி ஒய்.பி., குடியிருப்பாளர்கள்' என்று பேனர் வைத்தார்களே, அதை அச்சடிக்கக் கொடுத்தவளும் நான்தான். எந்தக் குடியிருப்பாளரும் வந்து கேட்கவில்லை. இதையெல்லாம் மூன்று வருடமாகச் சிரித்துக்கொண்டே செய்தேன். வேலை என்றால் கொஞ்சம் கூத்தும் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது சொல்லப்போவதை அப்படி விட முடியவில்லை.

ஒய்.பி.யின் சேவை மையத்தில் உங்கள் நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டுப் போகும்போது ஒரே ஒரு பாடம் சொன்னீர்கள். உதவி கேட்டு வந்த யாரையும் வெறுங்கையோடு அனுப்பாதே, குறைந்தபட்சம் ஓர் ஆதரவுக் கடிதமாவது கொடுத்தனுப்பு என்றீர்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். வீடு கேட்டு வந்தாலும், கடை உரிமம் கேட்டு வந்தாலும், 'இவருடைய விண்ணப்பத்தை ஆதரிக்கிறேன்' என்று தட்டச்சு செய்து, ஒய்.பி.யிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்திக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகிறவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கே பெருமையாக இருக்கும்.

ஆசியா பீவி மாமியை உங்களுக்கு நினைவிருக்கும். பி பிளாக், ஒன்பதாம் மாடி. அவர் கணவர் இப்ராஹிம் மாமா நாசி கண்டார் சோற்றுக் கடையில் முப்பது வருடம் குழம்பு ஊற்றியவர். நீங்கள் தேர்தல் வேலை முடிந்து பசியோடு போனால் கேட்காமலே இரண்டு கரண்டி கூட ஊற்றுவார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். சர்க்கரை வியாதியில் அவருக்கு வலது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ்.

அந்த பிளாக்கின் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. தரைத்தளம், நான்கு, ஏழு, பத்து, அவ்வளவுதான். கட்டிய காலத்தில் அப்படிக் கட்டிவிட்டார்கள். இப்ராஹிம் மாமாவால் படியேற முடியாது. உட்கார்ந்தபடி ஒவ்வொரு படியாக நழுவி இறங்க மட்டும் முடியும். அதனால் போகும்போது ஒன்பதிலிருந்து ஏழுக்கு நழுவி இறங்குகிறார். வரும்போது லிஃப்டில் பத்துவரை போய், அங்கிருந்து ஒன்பதுக்கு நழுவி இறங்குகிறார். மாமி சக்கர நாற்காலியை மடித்துத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிறார். படிக்கட்டில் பூனை மூத்திரமும் எச்சிலும் கிடக்கும். அந்த மனிதர் அதன்மேல் உட்கார்ந்துதான் வீடு வந்து சேர்கிறார்.

போன வருடம் அந்த லிஃப்டைப் பழுது பார்த்தபோது ஒய்.பி. ஒரு விழா வைத்தார். மாமாவை லிஃப்டுக்குள் சக்கர நாற்காலியோடு நிறுத்தி, தோளில் கை போட்டுப் படம் எடுத்தோம். நாம் வீட்டுக்கு வீடு கொடுக்கும் காலண்டரில் மார்ச் மாதத்துக்கு அந்தப் படம்தான். மாமி அதை முன் அறையில் மாட்டியிருக்கிறார். இது ஆகஸ்ட். இன்னும் மார்ச்சைத் திருப்பவில்லை.

அவர்கள் கேட்பது தரை வீடு. அதே பிளாக்கில் தரைத்தளத்துக்கு மாற்றிக் கொடுங்கள் என்று மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். நான் நான்கு ஆதரவுக் கடிதம் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை கடிதம் வாங்கிய மறுநாளும் மாமி ஒரு பாத்திரம் நிறைய ரொட்டி ஜாலாவும் கோழிக்கறியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். நான்கு முறையும் சாப்பிட்டேன் அண்ணே. கறி நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் மாமா படியில் சறுக்கி விழுந்தார். மிச்சமிருக்கும் காலில் காயம், அது ஆறவில்லை. அதிலிருந்து படிக்குப் பயந்து வாரம் மூன்று நாள் போக வேண்டியவர் இரண்டு நாள்தான் போகிறார். இப்படியே விட்டால் எத்தனை நாளைக்கு என்று டாக்டர் மாமியிடமே கேட்டுவிட்டாராம்.

அதனால் நான் போன செவ்வாய்க்கிழமை வீடமைப்பு அலுவலகத்துக்கு நேரில் போனேன். கவுண்டரில் ஃபரா என்று ஒரு பெண், நம் ஆள், தமிழ் பேசுவாள். கோப்பை எடுத்து என் நான்கு கடிதங்களையும் புரட்டிவிட்டு, "அக்கா, இதுல ஒண்ணுலயும் தித்திக் இல்லையே" என்றாள். எனக்கு விளங்கவில்லை. ஒய்.பி.யின் கையெழுத்துக்கு அடியில் விரலை வைத்துக் காட்டி, "இங்க ஒரு புள்ளி இருக்கணும் லா. புள்ளி இருந்தா மேல போகும். இல்லாட்டி கோப்புல போட்டு மூடிருவோம். சர்வீஸ் சென்டர்லதானே வேலை செய்றீங்க, தெரியாதா?" என்று கேட்டாள். கேலி இல்லை, உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள்.

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். "நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னயே. கோகுலன்னு ஒரு அபாங் இருந்தாராமே, அவருதான் வந்து எங்க பாஸ்கிட்ட சொல்லிட்டுப் போனாராம்" என்றாள். அந்த அபாங் என் சொந்த அண்ணன் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

அந்தப் புள்ளியை நானும் பார்த்திருக்கிறேன். சில கடிதங்களில் இருக்கும், சிலதில் இருக்காது. பேனா முனை தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்.

திரும்பி வந்து அலமாரியில் இருந்த நகல்களை எல்லாம் எடுத்து மேசையில் பரப்பினேன். மூன்று வருடத்தில் இருநூற்றுச் சொச்சம் கடிதம். புள்ளி உள்ளவை பதினொன்று. அதில் இரண்டு பேர் நிஜமாகவே வசதி இல்லாதவர்கள். மற்ற ஒன்பதும் கட்சிக் கிளைக்காரர்களும் அவர்கள் மச்சான்களும். பி பிளாக்கில் போன வருடம் காலியான தரை வீட்டை வாங்கியவர் நம் கிளைத் தலைவர். அதில் அவர் குடியிருக்கவில்லை. விழாவுக்குப் போடும் கூடாரத் துணியும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் அங்கே குடியிருக்கின்றன. மாமா லிஃப்டுக்கு வெளியே வரும்போதெல்லாம் அந்தக் கதவைத் தாண்டித்தான் வேனுக்குப் போகிறார்.

அன்று சாயங்காலமே சந்திரிகா சித்தி வீட்டுக்குப் போனேன். இடியாப்பக் கடை போட உரிமம் கேட்டு சித்தி வாங்கிய ஆதரவுக் கடிதம் உங்கள் காலத்தில் கொடுத்தது. சாமி மாடத்தில், பிளாஸ்டிக் உறையில், விபூதி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். என்றைக்காவது கூப்பிடுவார்கள் என்று ஏழு வருடமாக நம்பிக்கொண்டு, ஜுருவில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தட்டுக் கழுவுகிறார். எடுத்துப் பார்த்தேன். தட்டச்சு உங்களுடையது. புள்ளி இல்லை.

நீங்கள் ஐந்தாம் படிவம் படித்தபோது அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தார். தினம் உங்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்தவர் சித்தி. அவருக்குக்கூட ஒரு புள்ளி வாங்கித் தர உங்களுக்கு மனம் வரவில்லையா? வாய் திறந்து முடியாது என்று சொல்லியிருந்தால் அவர் வேறு வழி பார்த்திருப்பார். முடியாது என்பதையே அழகாகத் தட்டச்சு செய்து, முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறீர்கள். எதற்காக இதை ஆரம்பித்தீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். கேட்கிறவர்கள் ஆயிரம், வீடு பத்து, எல்லாருக்கும் இல்லை என்று சொன்னால் ஓட்டுப் போய்விடும். எனக்கும் கணக்குப் புரிகிறது. புரிவதால் அருவருப்புக் குறையவில்லை, கூடத்தான் செய்கிறது. உங்கள்மேல் மட்டும் இல்லை. இருநூறு பேருக்கு அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டிய என்மேலும்தான்.

நேற்று ஆசியா பீவி மாமி ஐந்தாவது கடிதத்துக்கு வந்தார். இந்த முறை ரொட்டி ஜாலாவைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். செப்டம்பர் முதல் வாரம் பி பிளாக்கில் இன்னொரு தரை வீடு காலியாகிறது, யாருக்கு என்று அதற்குள் முடிவாகிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒய்.பி. கையெழுத்துப் போட்ட கடிதம் என் மேசையில் தயாராக இருந்தது. புள்ளி இல்லை. பேனா என் கையிலேயே இருந்தது. ஒரு நொடி வேலை, வைத்திருக்கலாம். வைத்தால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி ஆகிவிடுவேன் என்று தோன்றியது. வைக்காமல் நீட்டவும் கை வரவில்லை.

கதவைச் சாத்திவிட்டு மாமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புள்ளியைப் பற்றி, நான்கு கடிதத்தைப் பற்றி, ஆரம்பித்து வைத்தது என் அண்ணன் என்பதையும். திட்டுவார், பாத்திரத்தை என் முகத்தில் விட்டெறிவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "அந்தப் புள்ளிக்கு யாரைப் போய்ப் பார்க்கணும்மா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். கோபம் இல்லை. எந்தக் கவுண்டர், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்பாரே, அதே குரல். போகும்போது பாத்திரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பிடும்மா, ஆறிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். என்னால் மூடியைத் திறக்க முடியவில்லை.

அவர் கேள்விக்குப் பதில் உங்களிடம் இருக்கிறது. ஒய்.பி.யிடம் நான் பேசினால் காது கொடுக்க மாட்டார். திங்கட்கிழமை என் நாற்காலியில் வேறு ஆள் உட்காரும், மகளை வைத்துக்கொண்டு நான் வேறு வேலை தேட வேண்டும். உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. கூட நின்று போஸ்டர் ஒட்டியவர் நீங்கள். அவர் உங்கள் மேசையில் உட்காரும்போது, மீன்குழம்பு ஊற்றுவதற்கு முன்னால் கேளுங்கள். பி பிளாக் இப்ராஹிம் இன்னும் எத்தனை நாள் படியில் உட்கார்ந்து இறங்க வேண்டும் என்று கேளுங்கள். அந்த வீட்டை அவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தப் புள்ளியை இனி யாருக்கும் வைக்க வேண்டாம், முடியாதவர்களுக்கு முடியாது என்று சொல்லி அனுப்பட்டும் என்றும் சொல்லுங்கள். ஒரு புள்ளிக்காக உங்களிடமே கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்று எனக்குக் கூசுகிறது. கூசினாலும் கேட்கிறேன். மாமாவுக்கு நாள் அதிகம் இல்லை.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. உங்களைப் பற்றிப் பேசும்போது இன்னும் அவர் முகம் மலர்கிறது, அது அப்படியே இருக்கட்டும். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கடவுள் உங்கள் எல்லாரையும் நோய்நொடி இல்லாமல், கால்கையோடு நன்றாக வைத்திருக்கட்டும்.

கீழே என் பெயருக்கு அடியில் பாருங்கள். அது பேனா தவறிப் பட்டது இல்லை.

உங்கள் தங்கை,
லோகேஸ்வரி
.