சின்ன லீவரில் நான் கை வைக்கவில்லை

நான் சின்ன லீவரைத் தட்டிவிட்டதால்தான் வண்டி உருண்டது என்று கோயில் வாசலில் கதைக்கிறார்கள். அது உண்மையில்லை. வேறு யாருக்கும் சொல்வதற்கு முன் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இதை எழுதும்போது என் விரல்களில் கியர் எண்ணெய் மணக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. இந்த மணத்தோடு சாப்பிட வந்த உங்களை எத்தனை தரம் கிணற்றடிக்குத் திருப்பி அனுப்பியிருப்பேன்! இன்று உங்கள் பழைய பிக்கப்பிலிருந்து கழற்றிய பெட்டிக்குள் நானே விரலை விட்டுப் பார்த்தேன்.

ட்ரான்ஸ்பர் பெட்டி என்பீர்கள். கியர் பெட்டிக்குப் பின்னால் நின்று, எஞ்சினின் இழுவையை நான்கு சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. அதற்குரிய சின்ன லீவர், நான் இருக்கும் பக்கம், என் வலது முழங்காலுக்கு அருகில் நின்றது. அது நடுவில் விழுந்துவிட்டால், பெரிய லீவரில் கியர் போட்டிருந்தும் பயனில்லை. வண்டியைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை.

அன்று பூசை முடிந்து வரும் வழியில் கடற்கரையில் உங்கள் தம்பியின் மீன் வாடியில் நிறுத்தினீர்கள். வாடைக்காற்று எழும்பிவிட்டது, படகை மேலே இழுத்துவிட வேண்டும் என்று அவர் நின்றார். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க, பின்பக்கம் கடலைப் பார்க்க நிறுத்தினீர்கள். ஹாண்ட் பிறேக் கம்பியை உப்புத் தின்று வெகு நாளாயிற்று. சின்ன லீவரை மணலுக்கான லோவில் போட்டு, முதலாம் கியரில் விட்டு, எஞ்சினை நிறுத்தினீர்கள்.

"இரும், வாறன்" என்றீர்கள். வண்டியில் கட்டிய கயிற்றோடு பின்னால் போனீர்கள். படகில் மாட்டிய கயிற்றை அலை இழுத்தது. கயிறு இறுகியது. என் அருகில் 'டக்' என்றது. வண்டி பின்னால் போனது. வண்டிக்கும் படகின் முன்முனை அணியத்துக்கும் நடுவில் நீங்கள் நின்றீர்கள்.

உங்கள் தம்பி ஓடிவந்து என் பக்கக் கதவைத் திறந்தார். உங்களைப் பார்க்க முன் லீவரைப் பார்த்தார். "அண்ணி, என்னத்தைத் தொட்டனீங்கள்?" என்று கத்தினார். கரையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. மரண விசாரணையில் விபத்து என்றார்கள். ஊர் அதோடு விடவில்லை.

கன்னியர் மடத்தில் எங்களுக்குப் படிப்பித்த சிஸ்டர், பார்த்ததை மட்டும் எழுது, நினைத்ததை எழுதாதே என்பார். அதனால் நெல்லியடியிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைப்பித்தேன். அவர் குனிந்து, எண்ணெய் அடைப்பைத் திறந்து, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"எண்ணெயிலை பித்தளை மினுக்கம் இருக்கு. உந்த வயசிலை எங்களுக்கும்தான் தேய்மானம். இனி என்னத்தைத் தேடப்போறியள் அம்மா?"

"நீங்கள் இன்னும் தேடத் தொடங்கவேயில்லை" என்றேன்.

அதே கரைக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொன்னேன். அதே மேடு, அதே லோ, அதே முதலாம் கியர். எஞ்சினை நிறுத்தினார். வண்டி அசையவில்லை.

"பாருங்கோ, பிள்ளை மாதிரி நிக்குது."

"பாரம் இல்லாட்டி நானும்தான் நிப்பன். கயிறு போடுங்கோ."

சில்லுகளுக்குச் சற்றுப் பின்னால் பெரிய கற்களை வைப்பித்தேன். கீழே நின்ற ஓர் உழவு இயந்திரத்தில் கயிற்றைக் கட்டினார்கள். நான் ஏறி என் இடத்தில் அமர்ந்தேன்.

"இறங்குங்கோ அம்மா. இன்னொரு செத்தவீட்டுக்கு என்னாலை வரேலாது."

"பின்னாலை ஒருதரும் நிக்காதேங்கோ. நான் இருந்த இடத்திலைதான் இருப்பன்."

கைகளை மடியில் கோத்துக்கொண்டேன். கயிறு இறுகியது. 'டக்.' லீவர் தானாக நடுவில் விழுந்தது. வண்டி உருண்டு கல்லில் முட்டி நின்றது. மெக்கானிக் ஜன்னலால் என் கைகளைப் பார்த்தார். "ஓம் அம்மா" என்றார்.

இன்று பெட்டியைத் திறந்தார். கியர்ப் பல்லுகளின் முனைகள் மழுங்கியிருந்தன. அவற்றைப் பிடித்துத் தள்ளுகிற கவைக்கம்பி தேய்ந்து மெலிந்திருந்தது. லீவரை இருந்த இடத்தில் வைத்திருக்க வேண்டிய ஸ்பிரிங்கில் உயிர் இல்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று எழும்பினேன். அப்போது அவர் சொன்னார்:

"உது ஒரு நாளிலை வந்த வருத்தமில்லை. லோவிலை ஓடினவைக்குத் தெரியாமல் இராது. லீவர் கையிலை உதைக்கும். பிடிச்சுக்கொண்டுதான் ஓடியிருப்பினம்."

நான் திரும்பவும் உட்கார்ந்துவிட்டேன். கடைசி மாதங்களில் மணலில் ஓடும்போதெல்லாம் உங்கள் இடது கை அந்த லீவரின் மேல்தான் இருந்தது. "அதென்ன, அதுக்குக் காய்ச்சலோ?" என்று கேட்டேன். "ஓம், தனிய விட்டால் அழும்" என்றீர்கள். நான் சிரித்தேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. போரில் செல் விழுந்த காலத்தில், வீட்டுக் கூரை அதிரும்போதும் "அது தூரத்திலை" என்பீர்கள். தூரத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் பயப்படக்கூடாது என்று நீங்கள் சொன்ன பொய்களை எல்லாம் மரியாதைக்காக நம்பியதுபோல் இருந்தேன். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்தீர்களா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பிடித்திருப்பேன். என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தானே நின்றது. நான் அதைத் தொட்டேன் என்று ஊர் சொல்கிறது. தொடாமல் இருந்தேன் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது பஸ்ஸில் போகும்போதும் என் வலது கை முழங்காலருகே இறங்கி எதையோ பிடிக்கப் பார்க்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் எனக்கு ஏதோ நோய் வருத்தம் என்று விலகி இருக்கிறார்கள். இருக்கட்டும்.

இன்னும் ஒன்று உண்டு. அந்த வண்டியை ஓடியவர்கள் இரண்டு பேர். மற்றவர் உங்கள் தம்பி. செத்தவீட்டுக்குப் பிறகு அவர் நம் வாசலை மிதிக்கவில்லை. இந்த மடலின் பிரதியை அவருடைய வாடிக்கு அனுப்புகிறேன். கடைசி வரிகள் அவருக்கு.

தம்பி, லீவர் விழுவது உமக்கும் தெரியுமா? தெரிந்திருந்தால், அண்ணை பின்னால் போகும்போது நீர் ஏன் பேசாமல் நின்றீர்? உம்மை மறியலில் அடைக்க நான் கேட்கவில்லை. மிச்சமிருக்கும் நாளில் நான் கோபிக்க வேண்டியது அவரையா, உம்மையா என்று எனக்குத் தெரிய வேண்டும். அண்ணையின் ஆண்டுப் பூசைக்கு முன் பதில் தாரும். ஆள் அனுப்ப வேண்டாம், போனிலும் சொல்ல வேண்டாம். உமது கையால் எழுதி, கையொப்பமிட்டு அனுப்பும்.