ஒரு கட்டிலுக்கு ஒரு துணி

பிப்ரவரி 9

என் மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமா என்று கேட்டிருக்கிறாய். நானும் திருப்பிக் கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். போனில் பேசினால் நீ அழுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. எழுத்தில் பிழை இருக்கும், விஷயத்தில் இருக்காது.

பிரசவத்துக்கு வரச் சொல்கிறாய். வருகிறேன். ஆனால் அந்தத் துப்புரவுக்காரி உன் ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை அந்த வாசலை மிதிக்க மாட்டேன். அவள்மேல் பெரிய டாக்டருக்குப் புகார் எழுதும்படி உன் அண்ணனிடம் சொன்னது நான்தான். உன் மகள், நம் சிட்டு, கால் உடைந்துதானே உள்ளே போனாள்? கால் உடைந்தா ஒரு பிள்ளை சாகும்? ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று நீதான் வந்து சொன்னாய். அப்புறம் தையலில் சீழ் வைத்தது, காய்ச்சல் வந்தது, என் பேத்தி போய்விட்டாள். கட்டில் கம்பியிலிருந்து கிருமி ஏறியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். கம்பியைத் துடைக்க வேண்டியவள் யார்?

எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. வந்த முதல் நாளே, "பாட்டிம்மா, நீங்க உக்காருங்க, என் வேலைய நான் பாத்துக்கறேன்" என்று என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாள். ஒரு கட்டிலைத் துடைப்பாள், துணியைத் தொட்டியில் எறிவாள், அடுத்ததற்குப் புதுத்துணி எடுப்பாள். "ஏம்மா, உன் வீட்டுத் துணின்னா இப்படி எறிவியா?" என்று கேட்டேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பு என் கூடவே சுடுகாடு வரை வரும்.

ஆபரேஷன் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வரவே இல்லை. மாற்று ஆளும் இல்லை. கம்பியெல்லாம் பிசுபிசு என்று கிடந்தது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியுமா? என் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து, வாளித் தண்ணீரில் நனைத்து நானே துடைத்தேன். ஜன்னலோரம் கால் புண்ணோடு ஒரு தையல்காரி படுத்திருந்தாளே, அவள் கட்டிலில் தொடங்கி வரிசையாக எல்லாருக்கும் துடைத்தேன். "எங்களுக்கும் நீங்கதான் பாட்டி" என்று அவள் கண் கலங்கினாள். நம் சிட்டுவின் கட்டிலைக் கடைசியில் வைத்துக்கொண்டேன், அவசரமில்லாமல் துடைக்கலாமே என்று. மூலைமுடுக்கு விடாமல் அழுத்தித் துடைத்தேன். "பாட்டி, கம்பியில என் மூக்கு தெரியுது" என்று கம்பியைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

ஒரு கிழவிக்குத் தோன்றியது, சம்பளம் வாங்குகிறவளுக்குத் தோன்றவில்லை. அவளை வெளியே அனுப்பு. மறுநாளே புறப்படுகிறேன்.

அம்மா

பிப்ரவரி 20

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன்.

நான் இப்போது ஆபரேஷன் தியேட்டரில் இல்லை. சிட்டு போன பிறகு, கிருமித் தடுப்பு வேலைக்கு மாற்றச் சொல்லி நானே கேட்டு வாங்கினேன். எல்லார் கையும் படுகிற இடங்களில், கட்டில் கம்பி, குழாய்ப் பிடி, விளக்கு சுவிட்ச், நர்ஸைக் கூப்பிடும் மணி, எல்லாவற்றிலும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். நம் சிட்டு இருந்த வாரம் எடுத்ததன் முடிவும் என் கைக்கு வந்தது. தையல்காரியின் புண்ணில் இருந்த அதே கிருமிதான் அந்த வரிசைக் கம்பிகள் எல்லாவற்றிலும் இருந்திருக்கிறது. யாரோ ஈரத்துணி ஒன்றால் தொடர்ந்து துடைத்தால்தான் அப்படிப் பரவும். துப்புரவு அக்காவிடம் அந்தப் பழக்கமே கிடையாது. மருந்தில் நனைத்த துணி, ஒரு கட்டிலுக்கு ஒன்று, முடிந்ததும் எறிந்துவிட வேண்டும். அதுதான் விதி. அந்த ஞாயிறு அவள் பிள்ளைக்குக் காய்ச்சல், சொல்லிவிட்டுத்தான் லீவு போட்டிருக்கிறாள்.

இப்போது விசாரணை என்று அவளை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள், அம்மா. காரணம் கேட்காதே. எனக்காகச் செய்.

உள்ளே இருப்பது இப்போதெல்லாம் நன்றாக உதைக்கிறது. நீ வந்து கை வைத்துப் பார்க்க வேண்டும்.

உன் மகள்

பிப்ரவரி 27

மகளுக்கு,

அவளுக்கு நீ வக்காலத்து வாங்குகிறாயா? பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் பேசுகிற பேச்சா இது?

காரணம் கேட்காதே என்றால் காரணம் இருக்கிறது. சின்ன வயதில் உன் அண்ணன் நிலைக்கண்ணாடியை உடைத்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே ஒளிந்துகொண்டான். நீ வந்து "நான்தாம்மா ஒடச்சேன்" என்று நின்றாய். உன்னை அடித்த பிறகுதான் எனக்கு உண்மை தெரிந்தது. யாரையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் நீ இப்படித்தான், காரணம் கேட்காதே என்பாய்.

நான் பளபளவென்று வைத்துவிட்டுப் போன கம்பியை எனக்குப் பின்னால் வந்து கெடுத்தவள் யார்? அந்த ஒற்றைத் துணிக்காரி யார்? பெயரைச் சொல். அவள் கை விளங்காமல் போகட்டும். அந்தக் கை இன்னொரு பிள்ளையைத் தொடக் கூடாது. வயிறு எரிந்து சொல்கிறேன்.

யார் என்று தெரியாமல் நான் வர மாட்டேன்.

அம்மா

மார்ச் 6

அம்மா,

நான்தான்.

அந்த ஞாயிறு சாயங்காலம் நீ குளிக்கப் போயிருந்தாய். நான் வார்டுக்கு வந்தேன். கம்பிகளைப் பார்த்துவிட்டு, கையில் கிடைத்த ஒரு துணியால் எல்லாவற்றையும் துடைத்தேன். படித்தவள், தெரிந்தவள், அவசரத்தில் தப்புப் பண்ணிவிட்டேன்.

என்னைத் திட்டு. என்ன வேண்டுமானாலும் சொல். ஆனால் புகாரைத் திரும்ப வாங்கு. பிரசவத்துக்கு வா. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உன் மகள்

ஏப்ரல் 3

என் கண்ணே,

முதலில் நம்பிவிட்டேன். உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதி உன் அண்ணன் கையில் கொடுத்தேன். அவன் செருப்பு மாட்டுவதற்குள் திரும்பப் பிடுங்கிக்கொண்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

போன வாரம் அடுப்படியில் எண்ணெய் சிந்தியது. துடைத்தேன். அதே துணியால் மேடையைத் துடைத்தேன், பிறகு அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. கடைசிக் கதவைத் திறக்கப் போனேன், கை வழுக்கியது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணி ஓடிவந்து, "என்ன அத்தே, தலை சுத்துதா?" என்றாள். ஆமாம் என்று சொன்னேன்.

அந்த ஞாயிறு சாயங்காலம் நான் குளிக்கப் போகவில்லை. சிட்டு என் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தூங்கினாள், எழுந்தால் விழித்துவிடுவாள் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீ தியேட்டரில் இருந்தாய். விளக்குப் போட்ட பிறகுதான் வந்தாய், மூக்கின்மேல் முகமூடி அழுத்திய கோடு இருந்தது. உன் கையில் துணி இல்லை, ஒரு ஆரஞ்சுப் பழம்தான் இருந்தது. "யாரும்மா இவ்ளோ சுத்தமா தொடச்சது?" என்று நீ கேட்டாய். சிட்டு என்னைக் காட்டினாள்.

எதையும் மறக்காத ஜென்மம் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேனே. இதை மட்டும் மறக்க யாராவது மருந்து வைத்திருக்கிறார்களா, கேட்டுச் சொல்.

புகாரைத் திரும்ப வாங்கிவிட்டோம். துடைத்தது நான் என்று உன் அண்ணனிடம் சொல்லி, பெரிய டாக்டருக்கு எழுதி அனுப்பச் சொன்னேன். அந்தப் பெண் மறுபடி வேலைக்கு வந்தால், நான் அவள் சிரிப்பைத் தப்பாகச் சுமந்துகொண்டிருந்தேன் என்று சொல். மன்னிக்கச் சொல்லாதே, அதை அவள் தானாகச் செய்தால் செய்யட்டும்.

பிரசவத்துக்கு உன் அண்ணி வருவாள். பொறுமையானவள், சொன்ன பேச்சைக் கேட்பாள். நான் வரவில்லை. வந்தால் தூக்காமல் இருக்க என்னால் முடியாது. அந்தக் கை இன்னொரு பிள்ளையைத் தொடக் கூடாது என்று சாபம் விட்டவள் நான். விட்ட சாபத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பிள்ளை பிறந்ததும் யார் ஜாடை என்று எழுது. மூக்கு எப்படி என்று மட்டும் எழுதாதே.

இந்தக் காகிதம் முழுக்க என் கை பட்டிருக்கிறது. படித்து முடித்ததும் சோப்புப் போட்டு நன்றாகக் கைகழுவு. அதற்குப் பிறகு உன் வயிற்றைத் தொடு.

அம்மா