நான் கழற்றிய பேட்டரி

இன்று காலை தெலுக் பங்லிமா காராங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் மாதாந்திரச் சோதனை. நீளக் குச்சியால் கூரையில் இருக்கும் புகை அலாரங்களின் பொத்தானை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனேன். பல வருடங்களாகச் செய்யும் வேலைதான். மூன்றாவது அலாரம் அலறியதும் குச்சியைக் கீழே போட்டுவிட்டேன். உடன் வந்த பெண் பயந்துபோய் என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். அவளிடம் என்னவென்று சொல்வேன்? அது உன் வீட்டில் கேட்ட அதே சத்தம்.

பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்தே நீ அப்படித்தான். ஒரு வேலையை எடுத்தால் முடிக்கும்வரை மூச்சு விடமாட்டாய். சுங்கை வே வீட்டில் விடியும் முன்பே எழுந்து, கல்யாண வீடுகளுக்கும் தீபாவளிக்கும் முறுக்கு சுட்டாய். உன் தனிமையை நினைத்துப் பயந்தோ என்னவோ, லோரி ஓட்டும் உன் கணவர் ஒரு புகை அலாரம் வாங்கி வந்தார். வாங்கியது நல்லது. மாட்டிய இடம்தான் தப்பு, சமையலறை வாசலுக்கு நேர் மேலே. எண்ணெய் காய்ந்தாலே அது கத்தியது.

"இது எனக்கு இன்னொரு மாமியார் லா. அடுப்பப் பத்த வச்சாலே ஆரம்பிச்சிடுது," என்று சிரித்தாய். அதன்மேல் நீ பிளாஸ்டிக் பை ஒன்றைக் கட்டி வைத்திருந்ததைப் பார்த்து நானும் சிரித்தேன்.

பிறகு எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். சமையல் புகைக்கே பதறும் வகை உனக்கு வேண்டாம், உள்ளே ஒளிக்கதிர் வைத்து, மெல்லப் புகைந்து எரிவதைக் கண்டுபிடிக்கும் வகை ஒன்று இருக்கிறது, அதைப் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டவேண்டும், மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்க்கவேண்டும் என்றெல்லாம். நீ மாவைப் பிசைந்துகொண்டே கேட்டாய்.

"உனக்குத்தான் தெரியுமே, நீயே பாத்து வாங்கிக்கிட்டு வா. அதுவரைக்கும் இத நிறுத்திடேன். ஆர்டர் தலைக்கு மேல நிக்குது."

நாற்காலி போட்டு ஏறிப் பேட்டரியைக் கழற்றியது நான்தான். தொழிற்சாலையில் ஒரு சிறு விளக்கு சிமிட்டாவிட்டால்கூட அறிக்கை எழுதுகிறவள் நான். அன்றே அந்த அலாரத்தைக் கூடத்துக்கு மாற்றியிருக்கலாம். இரண்டே திருகாணிகள். துளை போடும் கருவியும் உன் வீட்டிலேயே இருந்தது. தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

புது அலாரத்தை மறுநாளே வாங்கினேன். ஒரு ஞாயிறு எனக்கு ஓவர்டைம். அடுத்த ஞாயிறு கிள்ளானில் ஒரு கல்யாணம். மூன்றாவது ஞாயிறு மழை. மழையைச் சாக்காக வைத்துத் தூங்கிவிட்டேன். நீ போன் செய்தாய்.

"ஏய், அந்த அலாரம் என்னாச்சு?"

"வரேன் லா, வரேன்."

உன்னிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

நான்கு நாள் கழித்து, பட்டப்பகலில் நடந்தது. முறுக்கு சுட்டு முடித்த அசதியில் கூடத்துச் சோபாவில் படுத்திருக்கிறாய். சோபாவுக்குப் பின்னால் மின்சார நீட்டிப்புப் பெட்டி புகைய ஆரம்பித்திருக்கிறது. பெரிய நெருப்பே இல்லை, புகைதான் என்றார் தீயணைக்க வந்த பொம்பா அதிகாரி. பக்கத்து வீட்டு அங்கிள் ஜன்னலில் புகையைப் பார்த்துக் கம்பிக்கதவை உடைத்தபோது, நீ தூங்கினது தூங்கினபடியே இருந்தாயாம்.

அலாரத்தில் பேட்டரி இல்லை என்பதையும் அந்த அதிகாரிதான் சொன்னார். உன் கணவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "இவதான் கழட்டிருப்பா. சத்தம் புடிக்கல, சத்தம் புடிக்கலன்னு சொல்லிக்கிட்டே இருந்தாளே!" கிள்ளானிலிருந்து ஓடி வந்திருந்த உன் மகளின் கையைப் பிடித்தபடி நான் பக்கத்திலேயே நின்றேன். கழற்றியது நான்தான் என்று சொல்லவில்லை. அன்று சொல்லாததை ஏழு மாதம் சொல்லவில்லை.

இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் கூரைக்குத்தான் போகிறது. இல்லாத வீடுகளில் வாங்கச் சொல்கிறேன், இருக்கும் வீடுகளில் நானே அழுத்திப் பார்க்கிறேன். அதனால் உனக்கு என்ன ஆகப்போகிறது?

போன மாதம் கிள்ளானுக்குப் போய் உன் மகளிடம் சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டு, திரும்பாமலே நின்றாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஏழு மாசமா அம்மாவதான் திட்டிக்கிட்டு இருந்தேன் ஆன்டி," என்றாள். "படத்துக்கு முன்னாடி நின்னுகூட. ஒரு பேட்டரிய கழட்டுனா திருப்பிப் போடத் தெரியாதா உனக்குன்னு."

கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க போங்க ஆன்டி," என்றாள். வாசல்வரை வந்தாள். நான் வெளியே வந்ததும் கேட்டைப் பூட்டினாள்.

உன் சாவோடு என் தப்பு நின்றிருந்தால்கூட ஏதோ ஒரு விதத்தில் சுமந்திருப்பேன். செத்த பிறகும் பெற்ற மகளிடம் நீ ஏச்சு வாங்கினாய். நான் பக்கத்தில் நின்று வாங்க விட்டேன். மன்னிப்புக் கேட்க நீ இல்லை. அவளோ என் போனை எடுப்பதில்லை.