முட்டி போட ஒரு கால்

மார்ச் 4
கீமோ முடிந்தது. தலையில் ஒரு முடி இல்லை. மனைவி தடவிப் பார்த்துவிட்டு, "நீங்க ஒட்டுற டைல்ஸ்கூட இவ்வளவு வழவழப்பா இருந்ததில்ல" என்கிறாள். எந்த நோய் வந்தாலும் அவள் வாய் குறையாது. வலது கணுக்காலுக்கு மேலே எலும்பில் இருக்கும் கட்டி சுருங்கியிருக்கிறதாம். அடுத்தது ஆபரேஷன்.

மார்ச் 9
டாக்டர் இரண்டு வழி சொன்னார். கட்டியுள்ள எலும்பை மட்டும் எடுத்துவிட்டு வேறு எலும்பு வைத்துக் காலைக் காப்பாற்றலாம். அது கூடும்வரை, ஒரு வருஷம்கூட ஆகலாம், காலை ஊன்றக் கூடாது. கிருமி தொற்றினால் மறுபடி ஆபரேஷன். இல்லாவிட்டால் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டு, சில மாதத்தில் செயற்கைக் கால்.

"எதுல பிழைப்பேன் டாக்டர்?"

"உங்களுக்கு அந்த விஷயத்துல ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். அப்புறம் எப்படி வாழப் போறீங்கன்றதுலதான் வித்தியாசம்."

மனைவி குறுக்கே புகுந்தாள். "காலைக் காப்பாத்துங்க டாக்டர். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

எனக்கு இருந்தது.

மார்ச் 10
நான் தரை பதிக்கிறவன். முட்டி போட்டுப் பிழைக்கிறவன். வைத்த எலும்பு சிமெண்ட் மூட்டை தூக்கும்போது முறிந்தால்? செயற்கைக் கால் முறிந்தால் வேறொன்று மாட்டிக்கொள்வேன். முட்டி என்னுடையது, அது இருக்கும்.

மார்ச் 11
காலை எடுத்துவிடலாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். தட்டை டங்கென்று வைத்தாள். "நல்ல காலை யாராவது வெட்டச் சொல்லுவாங்களா? புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?"

நல்ல காலா? இதுவா நல்ல கால்? நானும் கத்தினேன். கத்தியிருக்க வேண்டாம்.

மார்ச் 12
தட்டு இன்றும் டங்கென்றுதான் வந்தது.

மார்ச் 15
ஆஸ்பத்திரியில் ஒரு பஸ் டிரைவர், இரும்பு முட்டி வைத்துக் காலைக் காப்பாற்றிக்கொண்டவர், எங்கள் முன்னால் நடந்து காட்டினார். மனைவிக்குக் கொண்டாட்டம். "பாத்தீங்களா?"

அவர் சிரித்தார். "எனக்குக் கட்டி தொடையில, தங்கச்சி. காலை எடுத்திருந்தா முட்டியும் போயிருக்கும். என் வேலை உக்காந்து செய்யறது. மூட்டை தூக்காதே, முட்டி போடாதேன்னு டாக்டர் சொல்லிட்டாரு, சரின்னேன். தரை பதிக்கிற இவரு அப்படிச் சரின்னு சொல்ல முடியுமா?"

வீட்டு வாசலில் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "செயற்கைக் காலுக்கும் ஷூ அதே அளவுதானே?"

ஏப்ரல் 2
எடுத்துவிட்டார்கள். போர்வை பாதியில் தட்டையாகக் கிடக்கிறது. அழுதேன். இல்லாத கட்டைவிரல் அரிக்கிறது — எங்கே சொறிவது?

"முட்டியை மடக்குங்க" என்றாள். மடங்கியது. அப்புறம் அவளும் அழுதாள்.

ஜூலை 20
புதுக் காலில் கூடத்தைக் கடந்தேன். இரண்டு தடவை விழுந்தேன். "குடிகாரன்கூட இதைவிட நேரா நடப்பான்" என்றாள். கையை மட்டும் விடவில்லை.

நவம்பர் 6
ஒரு படுக்கையறை முழுவதும் நானே பதித்தேன்! தரை சமமா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நட்ட நடுவில். என் கால்சட்டைக்குள் என்ன இருக்கிறதென்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. மூலையில் ஒரு டைல்ஸ் நிறம் மாறியிருக்கிறதென்று சண்டைக்கு வந்தார். நானும் சந்தோஷமாகச் சண்டை போட்டேன்.

வீட்டுக்கு வந்து, "முட்டி வலி தாங்கல" என்று உட்கார்ந்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எந்த முட்டி?"

"ரெண்டும்தான், வேலைக்குப் போன காலத்துல மாதிரியே."

ஒரு கணம் முறைத்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கியவள், தைலம் தேய்த்து முடிக்கும்வரை நிறுத்தவே இல்லை.