இடைவேளை வரை

பாப்பாவின் அம்மாவுக்கு அன்புடன் எழுதுவது. நீங்கள் இருவரும் சுகமா? மாமாவுக்கு முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

அறைக்கு டிவி வந்திருக்கிறது. மதியம் படம் போடுகிறார்கள். இடைவேளை விடும்போது எங்களை லாண்டரி வேலைக்கு ஏற்றிப்போகும் வேன் வந்துவிடும். அதனால் எனக்கு எல்லாமே பாதிப் படம்தான். பேய்ப் படத்தில் பேய் இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை. சண்டைப் படத்துக் கதாநாயகன் வாங்கிய அடியில் ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. காமெடிப் படம் சுத்த அறுவை. அன்றைக்கு வேன் சீக்கிரமே வந்திருக்கலாம்.

மீதிக் கதையை மெஸ் சமையல்காரர் சொல்லுவார். மதியம் அவருக்கு ஓய்வு நேரம், முழுப் படமும் பார்த்துவிடுவார். சண்டைக் காட்சிக்குக் கரண்டியையே சுழற்றிக் காட்டுவார்.

நேற்று குடும்பப் படம். புருஷன் வெளிநாடு கிளம்புகிறான், அவள் வாசலில் நிற்கிறாள், இடைவேளை. வேலை முடிந்து வந்து, "அவன் திரும்பி வந்தானாண்ணே?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமலே, "தூங்கிட்டேன்பா" என்றார். அறுவைப் படத்துக்கே கண்ணை மூடாத மனுஷன்.

லீவு இந்த முறையும் இல்லையாம். "ஆள் பத்தலைப்பா, அப்புறம் பாக்கலாம்" என்றார் சூப்பர்வைசர். போன வருஷமும் இதே வசனம்தான். நீ மனதில் போட்டுக்கொள்ளாதே.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நம் வீட்டுப் போர்வை ஒன்றைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

அப்பா எப்போது வருவார் என்று பாப்பா கேட்பதாக எழுதியிருந்தாய். அவளிடம் என்ன சொல்வதென்றால்,

வேன் வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறான். மீதியை நீயே சொல்லிவிடு.