அவசரத்துக்குக் கூப்பிட என் மேஜை எண்

என் செல்ல வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன், இங்கே நாங்களும் சுகம் என்றே வைத்துக்கொள். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, பஸ் ஓட்டிய காலத்தில் கிளட்ச் மிதித்த கால்தான் இப்போது பழி வாங்குகிறதாம். காது மெஷினை டி.வி. பார்க்க மட்டும் மாட்டிக்கொள்கிறார், நான் வாயைத் திறந்தால் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார், கேட்டால் பேட்டரி மிச்சமாம். உன் தம்பி புது வீட்டுக்குக் குடிபோய்விட்டான். மூன்றாவது மாடி, லிப்ட் இருக்கிறது, ஆனால் அது இருக்கிறது என்பதோடு சரி. நான் ஏறிப் போய் மூச்சு வாங்கிக்கொண்டு சோபாவில் விழுந்ததைப் பார்த்து அவன் மனைவி பயந்தே போய்விட்டாள். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ கேட்பாய். இந்த ஒரு விஷயத்தை என்னால் போனில் சொல்ல முடியவில்லை. அதனால் நாளைக்கு அங்கே கிளம்புகிற நம் கம்பெனி லேத் ஆபரேட்டர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கூட ஒரு பொட்டலமும் கொடுப்பார், அதைக் கடிதம் படித்து முடித்த பிறகு பிரி.

உன்னைப் பார்க்க, அங்கே நம் பிளான்ட்டில் மெஷின் பூட்டுகிற பிட்டர் ஒருவர் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா, நான் கொடுத்துவிட்ட போர்வையையும் மாத்திரைகளையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உன் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போனாரே, பேசுவதற்கு முன்னால் விரல் முட்டியால் மேஜையை ஒரு தட்டுத் தட்டுவாரே, அவர். இரும்பைத் தட்டித் தட்டிப் பார்த்து வந்த பழக்கம் அது, எங்கள் மேஜையைக்கூட விடமாட்டார். உன்னைப் பார்த்துவிட்டுப் போய் அவர் மனைவிக்குப் போன் போட்டு, ஆபீஸ் அம்மாவோட பொண்ணு அப்படியே அம்மா மாதிரிதான், உக்கார விடாம கேள்வி கேக்குது என்று சொல்லிச் சிரித்தாராம். அவர் போய்விட்டார் வாலு. போன மாதம், கம்பெனி கொடுத்த அறையில், தனியாகத் தூங்கினவர் எழுந்திருக்கவே இல்லை. உனக்கு அங்கேயே யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன், பிளான்ட்டில் நடப்பது நீ வேலை பார்க்கிற டிராயிங் ஆபீசுக்கு வந்து சேர்வதில்லை போலிருக்கிறது. நீயாகவும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒவ்வொரு வாரமும் அப்பாவின் முழங்காலைப் பற்றிப் பேசிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

என் வேலை உனக்குத் தெரியும், நீயே என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து எழுந்து போனவள்தான். வெளிநாட்டுக் கிளைக்குப் போகிற ஒவ்வொருவரையும் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, விசா பேட்டிக்குப் பழக்க நான் எம்பசிக்காரியாக மாறி முறைத்துக்கொண்டு கேள்வி கேட்பேன். எதுக்குப் போறீங்க, எவ்வளவு நாள் இருப்பீங்க, திரும்பி வருவீங்களா. கேட்டதற்கு மட்டும் பதில், நீட்டி முழக்கக் கூடாது, ஒரு சின்னப் பொய் சொன்னாலும் அவங்க கண்டுபிடிச்சிடுவாங்க, எல்லாத்தையும் சரிபார்த்துட்டுத்தான் முத்திரை குத்துவாங்க என்று எல்லாரையும் மிரட்டி வைப்பேன். அந்தப் பிட்டர் போட்டோவுக்கு வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார், பின்னாலும் வெள்ளைத் திரை, படத்தில் தலை மட்டும் தனியாக மிதந்தது. நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். மறுநாள் நீலச் சட்டை ஒன்று புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். அந்தத் தலை மட்டும் மிதக்கிற படம் இன்னும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. எடுத்துப் போடலாம் என்று கண்ணாடியைத் தூக்கப் போவேன், கை வராது. இன்னொரு பழக்கமும் உண்டு, அது உனக்கும் தெரியும். பாரத்தில் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் என்ற இடத்தில் என் மேஜை எண்ணையே போடச் சொல்வேன். வீட்டில் இருப்பவர்கள் தெரியாத எண் வந்தால் எடுப்பதில்லை, எடுத்தாலும் அந்தப் பாஷை புரிவதில்லை. அதனால் போனவர்கள் எல்லாருக்கும் காகிதத்தில் நான்தான் உறவு. உனக்கும் அதே எண்தான்.

அன்று அந்தப் போன் வந்தபோது மத்தியானம், சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். எதிர் நாற்காலியில் இருந்தது யார் தெரியுமா, பிட்டரின் மனைவி. புருஷனோடு போய்ச் சேர்ந்து இருக்க அவளுக்கும் விசா போட்டிருந்தோம், அதற்கான பேட்டிக்குப் பழகிக்கொண்டிருந்தாள். எதுக்குப் போறீங்க என்று நான் கேட்க, வீட்டுக்காரர்கிட்ட போறேன் என்றாள். எவ்வளவு நாள் இருப்பீங்க என்றேன், அவர் வேலை முடியற வரைக்கும் என்றாள். சபாஷ், இப்படித்தான் சொல்லணும் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, மணி அடித்தது. எடுத்தால் உன் ஊர் ஆஸ்பத்திரி. உங்கள் கம்பெனி ஆள் ஒருவர் இறந்துவிட்டார், நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்கள். பேரைச் சொல்லவில்லை. லைனில் ஒரே இரைச்சல். அந்த ஊரில் இருக்கிற கம்பெனி ஆட்களில் நீயும் ஒருத்தி, வாலு. யாரு யாரு என்று மட்டும் கேட்டேன். அவர்கள் காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஆண் என்றார்கள். பிட்டர் பேரைச் சொன்னார்கள். நான் வாய்விட்டு, நன்றாகக் கேட்கும்படியாக, அப்பாடா என்று சொல்லிவிட்டேன். எதிரே இருந்தவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, நல்ல சேதியாம்மா என்று கேட்டாள்.

அதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். அப்பா என்னடி ஆச்சு என்றார், கால் மரத்துப் போச்சு என்றேன், மெஷின் மாட்டாததால் என் குரலில் இருந்த பொய் அவருக்குக் கேட்கவில்லை.

அவளிடம் எப்படிச் சொன்னேன் என்று கேட்காதே, மேனேஜரையும் கூட வைத்துக்கொண்டு எப்படியோ சொன்னேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. போன் வந்தப்ப நீங்களே அப்பாடான்னு சொன்னீங்களேம்மா, சாவுச் சேதி வந்தா யாராச்சும் அப்பாடான்னு சொல்வாங்களா என்று கேட்டாள், இன்னும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி அனுப்பிய சான்றிதழைக் காட்டினால் அதே பேர் வேற யாருக்கும் இருக்காதா என்கிறாள். கூட வேலை செய்தவர்கள் போனில் அழுதார்கள், நீங்க ஆஸ்பத்திரி உள்ள போய் முகத்தப் பார்த்தீங்களா என்று இவள் மடக்கவும் ஒருத்தன்கூடப் பார்க்கவில்லை, வாசலோடு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்தது. அதற்கு மேல் விதி பார், அவளுடைய விசா மறுவாரமே வந்துவிட்டது. அவர் இறப்பதற்கு முன்னால் கொடுத்த விண்ணப்பம், எங்கேயோ ஒரு மேஜையில் எவனோ பார்த்துவிட்டு, பேட்டிக்குக்கூடக் கூப்பிடாமல் நல்லபடியாக முத்திரை குத்தி அனுப்பிவிட்டான். கொடுக்காமலும் இருக்க முடியாது, அது அவள் பாஸ்போர்ட். பிரித்துப் பார்த்தாள், அந்த முத்திரையை விரலால் தடவினாள். எல்லாத்தையும் சரிபார்த்துட்டுத்தான் குத்துவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க, செத்தவன் பொண்டாட்டிக்கு யாராவது விசா குடுப்பாங்களா, அப்ப அவர் இருக்காருன்னுதானே அர்த்தம் என்றாள். வாலு, இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லப் பழக்கியிருக்கிறேன். அவளுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

இப்போது சிக்கல் என்னவென்றால், அந்த ஊர்ச் சட்டப்படி அவருடைய வேலை விசாவை ரத்து செய்தால்தான் உடம்பை வெளியே விடுவார்கள், அதுவரைக்கும் காகிதத்தில் அவர் வேலையில் இருக்கிறார். ரத்து செய்ய மனைவி கையெழுத்துப் போட வேண்டும். அவர் விசா போனால் அதைச் சார்ந்த இவள் விசாவும் போய்விடும். அதனால் மாட்டவே மாட்டேன் என்கிறாள். மனுஷன் அங்கே குளிர்பெட்டியில் கிடக்கிறார். இவள் தினமும் ஆபீசுக்கு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கேளுங்கம்மா, பேட்டிக்குக் கேக்குற மாதிரி கேளுங்க என்கிறாள். பேட்டியே இனிமேல் கிடையாது என்றாலும் கேட்பதில்லை. நான் எதுக்குப் போறீங்க என்று கேட்க வேண்டும், அவள் வீட்டுக்காரர்கிட்ட போறேன் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எழுந்திருக்க மாட்டாள். எவ்வளவு நாள் என்று மட்டும் நான் கேட்பதில்லை, அந்தப் பதிலை இனிமேல் என் காதால் கேட்க முடியாது. அவள் போன பிறகு அந்த நாற்காலி தானாகக் கொஞ்சம் திரும்புகிறது. பழைய நாற்காலி, திருகு தளர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் போன் அடிப்பதற்கு முன்னால் மேஜையில் ஒரு தட்டுச் சத்தம் கேட்கிறது, முட்டியால் தட்டுகிற அதே சத்தம், கேட்ட மறு நிமிஷம் மணி அடிக்கிறது. உனக்கு மூளை கலங்கிடுச்சு என்று அப்பா சொல்கிறார். சரி, எனக்குக் கலங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், ஆபீஸைப் பெருக்குகிற அம்மா நேற்று முன்தினம் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, யாரும்மா மேஜையத் தட்டினது, உள்ள வரலாம்ல என்றாளே, அவளுக்குமா கலங்கிவிட்டது? எனக்குப் பயமாக இருக்கிறது வாலு. அவர் பேசுவதற்கு முன்னால்தான் தட்டுவார். அந்த அப்பாடாவைப் பற்றிக் கேட்கத்தான் தட்டுகிறார் என்றும் எனக்குத் தெரியும்.

நேற்று என்னால் தாங்க முடியவில்லை. அவள் மறுபடியும் அந்த அப்பாடாவை எடுத்தாள். நான் கதவைச் சாத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். அது நல்ல சேதி இல்லம்மா, செத்தது என் பொண்ணோன்னு நெனச்சுட்டேன், இல்லைன்னு தெரிஞ்சதும் வந்த வார்த்தை அது, அவர் பேரைக் கேட்டுட்டுத்தான் சொன்னேன் என்றேன். என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கையை மெதுவாக உருவிக்கொண்டாள். அப்புறம் நிமிர்ந்து, அப்ப உங்க பொண்ணையே போய்ப் பாக்கச் சொல்லுங்க என்றாள். அவர் உடம்பில் ஒரு அடையாளம் இருக்கிறதாம். என்ன என்று எனக்குச் சொல்லவில்லை. உங்ககிட்ட சொன்னா நீங்க பழக்கிக் குடுத்துடுவீங்க, நானே உங்க பொண்ணுகிட்ட கேக்குறேன், அது சரியா சொல்லுச்சுன்னா கையெழுத்துப் போடறேன் என்றாள். இப்போது கேள்வி கேட்பது அவள், பதில் சொல்ல வேண்டியது நாம்.

அதனால் நீ போகணும் கண்ணு. சின்ன வயசிலிருந்தே ஆஸ்பத்திரி வாடை பட்டாலே நீ வெளியே ஓடிவிடுவாய், எனக்குத் தெரியாதா, உன்னை அனுப்ப எனக்கு மட்டும் மனசு வருகிறதா. ஆனால் வேறு யாரை அனுப்புவேன்? தனியாகப் போகாதே, கூட வேலை செய்கிற பெண் யாரையாவது அழைத்துக்கொண்டு போ, காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றில் அந்த மாதிரி இடத்துக்குப் போகாதே. ஆஸ்பத்திரிக்கு அனுமதிக் கடிதம் மேனேஜர் அனுப்பியிருக்கிறார், அதில் உன் பேர் இருக்கிறது. பொட்டலத்தில் இருப்பது அந்த நீலச் சட்டை. இது ராசியான சட்டை, நான் வரும்போது ஏர்போர்ட்டுக்கு எடுத்துட்டு வா, போட்டுக்கிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன் என்று மனைவியிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவளே மடித்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது, அது அவர் இல்லைன்னா திருப்பி அனுப்பிடச் சொல்லுங்க என்றாள். அது அவர்தான் என்றால் அங்கே இருப்பவர்களிடம் கேட்டுப் போட்டுவிடச் சொல். காலர் மடங்கியிருந்தால் நீயே சரிபண்ணிவிடு. அவர் என்ன உறவு என்று உன்னைக் கேட்பார்கள். என்னைக் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. நீ அண்ணன் என்று சொல். எல்லாரிடமும் ஒரு சின்னப் பொய்கூடச் சொல்லாதீர்கள் என்று மிரட்டினவள்தான், நானே சொல்கிறேன், அண்ணன் என்று சொல்.

பார்த்துவிட்டு நேராக என் மேஜை எண்ணுக்குக் கூப்பிடு. அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், போனை அவள்தான் எடுப்பாள், என்னைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், நீட்டாதே, அழுகை வந்தால் போனை வைத்த பிறகு அழு. நான் பக்கத்தில்தான் நிற்பேன். இந்தத் தடவை வாயைத் திறக்க மாட்டேன்.

அப்பா உன்னை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், இதைப் பற்றி அவரிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை, நீயும் உளறிவிடாதே. தம்பியும் அவன் மனைவியும் விசாரித்தார்கள். நீ எங்கே இருந்தாலும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு, நீண்ட ஆயுசோடு இரு, என் ஆசி எப்போதும் உன்னோடுதான். ஒரே ஒரு ஞாபகம். உன் பாரத்தில் இருக்கிற என் மேஜை எண்ணை எடுத்துவிட்டு வேறு எண் போடச் சொல்லியும் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். வேண்டாம், மாற்றாதே. உன்னைப் பற்றி எந்தப் போன் வந்தாலும் அது எனக்கே வரட்டும். வேறு யாராவது எடுத்தால் உன் பேரைக் கேட்டு, தன் பிள்ளை இல்லை என்று அப்பாடா சொல்லிவிடுவார்கள், நான் சொல்ல மாட்டேன்.

போனுக்குப் பக்கத்திலேயே நிற்கிற
உன் அம்மா