கேஸ் இல்லாத வார்டு

என் பிரியமான மதினிக்கு,

இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? ஜோயல் ஜெயிலில் இருக்கிறான். நீங்கள் பெற்ற பிள்ளை. பதினெட்டு முடிந்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

படிப்பை விட்ட லயத்து வீட்டுப் பிள்ளைகள் கஞ்சாப் பை தூக்கப் போய்விடக் கூடாது என்று, எஸ்டேட்டின் பழைய குழந்தைகள் காப்பகத்தில் சாயங்கால வகுப்பு தொடங்கினீர்களே, அது உங்களோடு முடிந்துவிடவில்லை. புற்றுநோய் உங்களைக் கொண்டுபோன பிறகு நான்தான் நடத்தினேன். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு நேராக அங்கேதான் போவேன். வயரிங் கற்றுக்கொடுக்கும் மாஸ்டரின் சம்பளம் பஞ்சாயத்து நிதியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

இந்த வருட நிதிப் பட்டியலில் நம் வகுப்பு இல்லை. பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த அலுவலர் ஃபைலைப் புரட்டினார்.

"உங்க வார்டுல ரெண்டு மூணு வருஷமா ஒரு கஞ்சா கேஸ்கூட இல்லையே சேச்சி. கேஸ் இருக்கிற வார்டுக்குத்தான் இந்தப் பத்ததியில பணம்."

"வகுப்பு நடக்கதுனாலதான சார் கேஸ் இல்ல?"

"அத எப்படி எழுதிக் காட்டுறது?"

அவர் கேலி செய்யவில்லை, மதினி. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நடக்காமல் போனதை எந்தக் காகிதத்தில் காட்டுவது?

மாஸ்டர் நின்றுவிட்டார். எஸ்டேட் நிர்வாகம் கட்டடத்தைப் பூட்டிவிட்டது. பிள்ளைகள் ஜீப் ஸ்டாண்டில் நிற்க ஆரம்பித்தார்கள். ஜோயலும் நின்றான். உங்களுக்குப் பிறகு அண்ணன் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நான்தான் கண்டித்தேன். "சும்மாதான் நிக்கேன் அத்தை" என்றான். அடுத்த வாரம், யாரோ கொடுத்த பையை மூணாறில் சேர்க்கப் போனவனை, கஞ்சா பிடிக்கும் எக்சைஸ்காரர்கள் ஜீப்பிலிருந்து இறக்கினார்கள்.

செய்தி கேட்டு அந்த அலுவலரே போன் செய்தார். "இப்ப கேஸ் ஆயிருச்சு சேச்சி. இந்தச் சம்பவத்த வச்சு அபேட்சை மனு எழுதிக் கொடுங்க, சேர்க்கப் பார்க்கலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் போனை வைத்துவிட்டேன். உங்கள் பிள்ளை கெட்டதைக் காட்டித்தான் உங்கள் வகுப்பைத் திறக்க வேண்டுமா?

ஜெயிலுக்குப் போய் ஜோயலிடமே கேட்டேன். கம்பிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான்.

"எழுதுங்க அத்தை. ஆனா அம்மா பேர மட்டும் அதுல சேர்க்காதீங்க."

அவன் சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். யார் தொடங்கிய வகுப்பு என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். ஒன்றரை மாதமாகிறது, பதில் இல்லை. ஜாமீன் மனுவும் ஒரு தடவை தள்ளுபடியாகிவிட்டது. நான் செய்தது சரிதானா, மதினி? நீங்களாக இருந்தால் வேறு வழி கண்டிருப்பீர்களா? யோசித்து யோசித்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. போன ஞாயிறு கோயிலில் முட்டி போட்டேன், ஒரு வார்த்தை ஜெபம் வரவில்லை.

நேற்று ஜீப் ஸ்டாண்டில் உங்களிடம் படித்த இரண்டு பேரைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நிதி வந்தாலும் வராவிட்டாலும் நாளை சாயங்காலம் அந்த இரண்டு பேரையும் என் வீட்டுக்குக் கூட்டிவருவேன். வரமாட்டோம் என்றால் அந்த ஸ்டாண்டிலேயே அவர்கள் பக்கத்தில் போய் உட்காருவேன். ஜோயலின் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டில் நிற்பேன். இவ்வளவுதான் என்னால் முடியும்.

உங்கள் பிள்ளையைக் காக்கத் தவறிய
நாத்தனார்,
ஸ்டெல்லா